அஸ்வெசும வருகிறது, அக்காவுக்கு அனுப்புவதைக் குறைக்கலாமா?

கேள்வி: புறக்கோட்டை பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயர் கடையில் வேலை செய்கிறேன். அக்கா குடும்பம் ஒட்டுசுட்டான் பக்கம். அத்தானுக்குக் கூலி வேலை. இரண்டு பிள்ளைகள், 71 வயது அம்மாவும் அவர்களோடுதான். மாதம் 12,000 ரூபா அனுப்புகிறேன். இப்போது அக்காவுக்கு அஸ்வெசும என்ற அரசாங்க உதவிக் காசு மாதம் 10,000 கிடைக்கிறது. கிழமைக்கு 2,300 கட்டும் நுண்கடன் ஒன்று இருக்கிறது, இன்னும் 30 கிழமை. அக்காவின் சங்கிலியும் அடகில். நான் அனுப்புவதைப் பாதியாக்கலாமா? சும்மா வரும் காசால் அத்தான் வேலைக்குப் போகாமல் விட்டுவிடுவாரோ? நான் அனுப்புவது தெரிந்தால் பெயரை வெட்டுவார்களா? அக்கா கோழி வளர்க்க 20,000 கேட்கிறா. எனக்கு அடுத்த மாதம் சீட்டுக் காசு 60,000 வரும். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, உங்கள் கேள்விக்குள்ளேயே ஒரு கணக்கு இருக்கிறது. கிழமைக்கு 2,300 என்றால் வருடத்துக்கு 119,600. பன்னிரண்டால் பிரித்துப் பாருங்கள்: மாதம் ஏறக்குறைய 9,967 ரூபா. அரசாங்கம் தரும் பத்தாயிரம் முன்வாசலால் வந்து பின்வாசலால் கடன் கம்பனிக்குப் போகிறது. அந்த வீட்டில் சோறு வேகிறதென்றால் அது அத்தானின் கூலியிலும் உங்கள் பன்னிரண்டாயிரத்திலும்தான். ஆகவே இப்போது குறைக்க வேண்டாம். எப்போது குறைக்கலாம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

10,000 என்பது எவ்வளவு பெரிய தொகை என்றும் பார்ப்போம். தொகைமதிப்புப் புள்ளிவிபரவியல் திணைக்களத்தின் வறுமைக்கோடு 2025இல் ஓர் ஆளுக்கு மாதம் 16,000 ரூபாவுக்கு மேல். ஐந்து பேருக்கு 80,000. அஸ்வெசும அதில் எட்டில் ஒரு பங்கு. 2023 ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக இது தொடங்கியபோது ‘வறிய’ பிரிவுக்கு 8,500, ‘மிக வறிய’ பிரிவுக்கு 15,000 என்று வைத்தார்கள். 2025 ஜனவரியில் அவை 10,000, 17,500 ஆயின. உங்கள் அக்கா ‘வறிய’ பிரிவில் இருக்கிறா. கூலியை நம்பி ஐந்து பேர் வாழும் வீடு மேல்பிரிவுக்குத் தகுதியானது என்று நினைத்தால், மேன்முறையீட்டுக்கு அழைக்கும்போது விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் கூட்டித் தரப்போவதில்லை.

அத்தானைப் பற்றிய பயத்தை விடுங்கள். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மெக்சிக்கோ உட்பட ஆறு நாடுகளில் நடந்த ஏழு திட்டங்களின் தரவுகளைப் பொருளியலாளர் அபிஜித் பானர்ஜியும் மற்றவர்களும் ஒன்றாகச் சேர்த்து 2017இல் வெளியிட்டார்கள். உதவிக் காசு வந்ததால் ஆட்கள் வேலையை விட்டதாக எதிலும் தெளிவான சான்று இல்லை. குடிக்குப் போகும் என்பதையும் உலக வங்கி ஆய்வாளர்கள் பல நாட்டுத் தரவுகளை வைத்துச் சோதித்தார்கள். சாராயச் செலவும் புகைச் செலவும் பொதுவாகக் கூடவில்லை. உங்கள் அத்தான் ஏற்கெனவே குடிப்பவரென்றால் அது வேறு கதை, அஸ்வெசும வருவதற்கு முந்திய கதை. வெள்ளவத்தையில் தேநீர் குடித்துக்கொண்டே ‘இவங்களுக்குக் காசு குடுத்தால் வேலை செய்ய மாட்டாங்கள்’ என்று பேசுகிறவர்கள், கடைக் கொப்பியில் கடன் எழுதி அரிசி வாங்கிப் பார்த்தவர்கள் அல்ல.

இனி முக்கியமான விஷயம். மாதாமாதம் வரும் காசும் மொத்தமாக வரும் காசும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கென்யாவில் ஏழைக் குடும்பங்களுக்குத் தொலைபேசி வழியாகக் காசு கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வந்தது. சிலருக்கு மாதத் தவணையாகவும் சிலருக்கு ஒரே தரத்திலும் கொடுத்தார்கள். மாதக் காசு சாப்பாட்டுக்கு உதவியது. மொத்தக் காசு கூரைத் தகரம் போன்ற நின்று நிலைக்கும் பொருளாக மாறியது. நம் ஊர்ப் பெண்களுக்கு இது புதிதல்ல. சீட்டுப் பிடிப்பதே அதற்குத்தானே? சிறுகச் சிறுகக் கையில் இருந்தால் கரைந்துவிடும் என்று தெரிந்துதான் மொத்தமாக எடுக்கிறார்கள்.

அஸ்வெசும மாதக் காசு. அது செய்ய முடியாத வேலை, கடனின் கழுத்தை ஒரே வெட்டாக வெட்டுவது. அதை உங்கள் சீட்டுக் காசு செய்யும். 30 கிழமைக்கு 2,300 என்றால் 69,000. ஆனால் ஒவ்வொரு தவணையிலும் இனிவரும் நாட்களுக்கான வட்டி இருக்கிறது. இன்றே முடித்தால் அந்த வட்டி சேரக்கூடாது. கிழமைக் காசு வாங்க வருகிற பொடியனிடம் கேட்க வேண்டாம். அவர் மிச்சத் தவணைகளைப் பெருக்கித்தான் சொல்வார். அக்காவும் அத்தானும் கிளைக்கே போய், ‘இன்றைக்குக் கணக்கை மூடினால் எவ்வளவு, முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு’ என்று எழுத்தில் கேட்கட்டும். 60,000க்குள் முடியக்கூடும். காசு கட்டிய கையோடு கடன் முடிந்த கடிதத்தையும் வாங்க வேண்டும். ‘உடனே புதுக்கடன் தருகிறோம், இன்னும் கூட’ என்று அங்கேயே சொல்வார்கள். அந்தப் பேச்சைத்தான் அக்கா தாண்ட வேண்டும், அதுதான் கஷ்டம்.

அது முடிந்ததும் வீட்டில் மாதம் பத்தாயிரம் உண்மையாகவே மிஞ்சும். கடைக் கொப்பியில் கடன் இருந்தால் முதல் இரண்டு மாதம் அதை அடைக்கச் சொல்லுங்கள். கொப்பியில் வாங்குகிறவர் விலை பேச முடியாது, வேறு கடைக்கும் போக முடியாது. அதற்குப் பிறகு நீங்கள் அனுப்புவதை 7,000 ஆக்கலாம். மிச்சம் 5,000ஐ உங்கள் பெயரில் சேருங்கள், வருடத்தில் 60,000. சங்கிலி மீள்வது அந்தக் காசில். மொத்தத்தில் ஒரு சதமும் குறையவில்லை, வடிவம்தான் மாறுகிறது.

பெயர் வெட்டுவது பற்றி: கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று 22 சுட்டிகளைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். தம்பி அனுப்பும் காசு ஒன்றை மட்டும் வைத்து முடிவு வராது. விசாரிக்க வந்தால் உள்ளதைச் சொல்லட்டும். மறைக்கச் சொல்லி நீங்கள் பழக்க வேண்டாம். ஊரில் எப்படியும் எல்லாருக்கும் தெரியும்.

கோழிக்கு வருவோம். சுனாமிக்குப் பிந்திய காலத்தில் களுத்துறை, காலி, மாத்தறையில் சிறுதொழில் செய்தவர்களுக்கு ஆய்வாளர்கள் 10,000 அல்லது 20,000 ரூபா கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக, கொடுத்த காசில் மாதம் 5 வீதம் அளவுக்கு லாபம் கூடியது. ஆனால் பெண்களின் தொழிலில் கூடவேயில்லை. அவர்களுக்குத் திறமை இல்லையென்று சிலர் முடிவு கட்டினார்கள். பிறகு தரவை மறுபடி பார்த்தபோது, வீட்டில் கணவருக்கும் தொழில் இருந்த இடங்களில் பெண்ணுக்குக் கொடுத்த காசு கணவரின் தொழிலுக்குப் போயிருந்தது. உங்கள் அக்கா வீட்டில் அது அத்தானின் தொழிலுக்குப் போகாது, கிழமைத் தவணைக்குப் போகும். ஆகவே கடன் முடியும்வரை கோழி வேண்டாம். முடிந்த பிறகு 20,000ஐக் கையில் கொடுக்காமல், கூட்டுக்கு வலையை உங்கள் கடையிலேயே வாங்கி வன்னிக்குப் போகும் பஸ்ஸில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அம்மாவுக்கு 71 வயது என்கிறீர்கள். 70 தாண்டிய, வருமானம் குறைந்த முதியோருக்கான கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 3,000 இலிருந்து 5,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது. அது அம்மாவுக்கு வருகிறதா? இல்லையென்றால் அடையாள அட்டையோடு அக்காவைப் பிரதேச செயலகத்துக்குப் போகச் சொல்லுங்கள், இந்தக் கிழமையே.