கொழும்புக்கு மாறிய பிறகு யாழ்ப்பாணத்து வீட்டை விற்றால் வரி உண்டா?

கேள்வி: 2015இல் அம்மா சீதனமாக எழுதித் தந்த கொக்குவில் வீட்டில்தான் இவ்வளவு காலமும் இருந்தோம். வேலையில் இடமாற்றம் கிடைத்து, குடும்பத்தோடு கொழும்புக்கு வந்து பத்து மாதமாகிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. "குடியிருந்த வீட்டுக்கு மூலதன ஆதாய வரி இல்லை, விலை ஏறட்டும், ஆறுதலாக விற்கலாம்" என்கிறார் தரகர். நம்பலாமா?

பதில்: வரி இல்லை என்பது இப்போதைக்குச் சரி. ஆறுதலாக விற்கலாம் என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் பிரதான வசிப்பிடத்துக்கு விலக்குத் தருகிறது. ஆனால் விற்பதற்கு முந்திய மூன்று வருடமும் வீடு தொடர்ந்து உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அந்த மூன்றில் குறைந்தது இரண்டு வருடம், நாட்கணக்கில், நீங்கள் அங்கே வாழ்ந்திருக்கவும் வேண்டும். அதாவது வெளிக்கிட்ட நாளிலிருந்து உங்களுக்கு ஒரு வருடம்தான். வேலைக்காகத்தானே போனோம் என்று சொல்லி அதை நீட்ட முடியாது. அட்வான்ஸ் வாங்கி உடன்படிக்கை எழுதினால் போதாது, இந்த இரண்டு மாதத்துக்குள் உறுதியே முடிய வேண்டும். சீதனக் காணி என்பதால் தேசவழமைப்படி, அதாவது யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டப்படி, கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பங்குக் காணியானால் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும், அதற்கும் நாள் போகும். இன்றைக்கே நொத்தாரிஸிடம் பேசுங்கள். அங்கே வாழ்ந்ததைக் காட்ட மின்சார பில், வாக்காளர் பட்டியல், பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

தவணை தவறினால்? தனிநபருக்கு 10 வீதமாக இருந்த வரி 2025 ஏப்ரல் 1 முதல் 15 வீதம். சீதன உறுதியில் எழுதியிருக்கும் பழைய பெறுமதியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2017 செப்டெம்பர் 30இல் உங்களிடம் இருந்த சொத்துக்கு அன்றைய சந்தைப் பெறுமதிதான் அடக்கவிலை, அதாவது ஆதாயத்தைக் கணக்கிட விற்ற விலையில் கழிக்கும் தொகை. அன்று 120 இலட்சம், இப்போது 250 இலட்சத்துக்கு விற்கிறீர்கள், இடையில் கூரை மாற்றியது 10, தரகு முதலான விற்பனைச் செலவு 5 என்று வையுங்கள். ஆதாயம் 115 இலட்சம், வரி 17 இலட்சத்து 25 ஆயிரம். இரண்டு மாதம் தாமதித்ததற்கு இது பெரிய தொகை. விலை அவ்வளவுக்கு ஏறும் என்று தரகர் உத்தரவாதம் தரப்போவதில்லை.

வரி வருமானால், தகுதி பெற்ற மதிப்பீட்டாளரிடம் 2017 பெறுமதிக்கு றிப்போர்ட் எடுங்கள். கூரை வேலைக்கான பற்றுச்சீட்டுகளையும் தேடுங்கள். விற்று ஒரு மாதத்துக்குள் விபரத்திரட்டைக் கொடுத்து வரியையும் கட்ட வேண்டும். உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். சந்தைப் பெறுமதி கூடவென்றால் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் அதைத்தான் கணக்கில் எடுக்கும்.