இறங்கிய மின்தடை ஏன் ஏற மறுக்கிறது?

கேள்வி: பாலிஇமைடு என்ற சூடு தாங்கும் பிளாஸ்டிக் தாளில் லேசரால் எழுதிய கிராஃபீன் (மிக மெல்லிய கார்பன் படலம்) உணரியைச் சட்டைக்கையில் ஒட்டிக்கொண்டு, சாலையோர நைட்ரஜன் டைஆக்சைடை அளக்கிறேன். புகை பட்டதும் அதன் மின்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, இறங்குகிறது. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் ஆகியும் பழைய நிலைக்கு ஏறுவதில்லை. கையை மடக்கினாலும் எண் துள்ளுகிறது. உணரி பழுதா?

பதில்: பழுதில்லை. நைட்ரஜன் டைஆக்சைடு எலக்ட்ரானைப் பிடுங்கும் வாயு. காற்றில் கிடக்கும் கிராஃபீனில் மின்னோட்டத்தைச் சுமப்பவை பெரும்பாலும் 'துளைகள்', அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள். எலக்ட்ரான் போகப்போகத் துளைகள் பெருகி மின்தடை குறையும். வந்து ஒட்டிய மூலக்கூறு அறை வெப்பத்தில் எளிதில் கிளம்புவதில்லை என்பதுதான் தொல்லை. அதிலும் லேசர் கிராஃபீன் நுரைபோல் இருக்கும். ஒளிந்துகொள்ள மூலைமுடுக்குகள் ஏராளம்.

2007இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் ஒற்றை மூலக்கூறு வந்து ஒட்டுவதையே கிராஃபீனில் கண்டார்கள். விளம்பரங்கள் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. உணரியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அவர்கள் அதை வெற்றிடத்தில் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டியிருந்தது.

பாலிஇமைடு அந்தச் சூட்டைத் தாங்கும். பெட் (PET, தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) தாளாக இருந்தால் நெளிந்துவிடும். சட்டையிலிருந்து கழற்றிய பிறகே சூடாக்குங்கள். வெளியே இருக்கும்போது எண் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல், முதல் சில நிமிடங்களில் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். வாயுவின் செறிவுக்கு அந்தச் சரிவே நெருக்கமான சாட்சி.

மடிப்புக்கு வழி எளிது. அதே தாளில் இரண்டாவது பட்டை ஒன்றை எழுதி, வாயு புகாதபடி பாலிஇமைடு டேப்பால் மூடுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு பேனாவில் சுற்றிப் பாருங்கள்: இரண்டும் ஒரே விகிதத்தில் மாறினால் அது வளைவின் வேலை, மூடாத பட்டை மட்டும் மாறினால் காற்றின் வேலை. மாற்றம் வாயுவாலா ஈரப்பதத்தாலா என்று இந்த ஏற்பாடு பிரித்துக் காட்டாது. உணரிமேல் ஒருமுறை வாயால் ஊதினாலே தெரிந்துவிடும். அருகில் தனி ஈரப்பதமானி தேவை.

நாள் சராசரிக்கு உலக சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்த அளவு கன மீட்டருக்கு 25 மைக்ரோகிராம், அதாவது நூறு கோடியில் ஏறத்தாழ 13 பங்கு. கண்காணிப்பு நிலையக் கருவியின் அருகே வைத்து ஒப்பிடாத பட்டையை நம்பி, இவ்வளவு நுண்ணிய அளவில் 'காற்று சுத்தம்' என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று: அம்மோனியா எலக்ட்ரானைக் கொடுக்கும், மின்தடையை ஏற்றும். அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்த அறையில் உணரி 'மீண்டுவிட்டது' போலத் தோன்றினால் ஏமாறாதீர்கள்.