'திட்டுவார்' என்று சொல்லாமல் விட்டது

அன்புள்ள அண்ணா,

வயது 54, தண்டையார்பேட்டை. போன வருடம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போதிலிருந்து கொலஸ்ட்ரால் குறைக்க அடோர்வாஸ்டாடின் மாத்திரை, 40 மில்லிகிராம். கொஞ்ச மாதத்தில் இரண்டு தொடையிலும் வலி, படி ஏறினால் கால் துவண்டுவிடுகிறது. நானே மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. வலி குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை, திட்டுவார். உடம்பு பழையபடி ஆக எவ்வளவு நாளாகும்? கொலஸ்ட்ராலே மருந்துக் கம்பெனிகளின் பொய் என்று குரூப்பில் வீடியோ வந்தது. பூண்டு போதுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'திட்டுவார்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கேட்டதற்குப் பதில். ஸ்டாடினால் (உங்கள் மாத்திரை அந்த வகைதான்) வந்த தசைவலி என்றால் நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கும், சிலருக்கு இரண்டு மாதம்வரை இழுக்கும். அதற்கு மேலும் வலித்தால் தைராய்டு, வைட்டமின் டி, முதுகெலும்பு என்று வேறு காரணம் தேட வேண்டும். நடக்கும்போது வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் கால் ரத்தக்குழாயில் அடைப்பாகக்கூட இருக்கலாம். வீடியோவைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமையில்லை. ஸ்காண்டினேவிய நாடுகளில் 4444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது, சிம்வாஸ்டாடின் எடுத்தவர்களிடையே சாவு 30 சதவீதம் குறைந்திருந்தது. அந்தப் பஞ்சாயத்து அன்றே முடிந்துவிட்டது.

சரி, என் மாமா கதைக்கு வருகிறேன். ராயபுரம். துறைமுகத்தில் உடம்பை வைத்துப் பிழைத்தவர், மேஸ்திரியிடம் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவர், டாக்டர் முன்னால் மட்டும் கை கட்டி உட்காருவார். அவருக்கும் இதே மாத்திரையை 10 மில்லிகிராமில் எழுதினார்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டார். ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும், "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" "சாப்பிடறேன் சார்." ரத்தச் சோதனையில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் அசையவே இல்லை. டாக்டர் என்ன செய்வார்? 20 ஆக்கினார், அப்புறம் 40. எல்லாம் பீரோ மேல் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் அத்தை அதைப் பார்த்துவிட்டார். அன்று தெருவே கேட்டது. அதிலிருந்து தினம் ராத்திரி அத்தை கண்ணெதிரில் 40 மில்லிகிராம் விழுங்கியாக வேண்டும், பழக்கமே இல்லாத உடம்பில். அந்த நேரம் பார்த்து இருமல் வர, மருந்துக்கடையில் கேட்டு கிளாரித்ரோமைசின் வாங்கிப் போட்டுக்கொண்டார். அந்த ஆன்டிபயாடிக் இந்த ஸ்டாடினை உடம்பு கழிக்கவிடாமல் ரத்தத்தில் ஏற்றிவிடும். சில நாளில் எழுந்திருக்க முடியாத வலி, சிறுநீர் பால் ஊற்றாத டீ நிறத்தில். தசை உடைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிற நிலை அது, ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். அரிதுதான். ஆனால் 2001இல் செரிவாஸ்டாடின் என்ற மருந்தையே இதற்காகச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். தசை உடைவதைக் காட்டும் சி.கே. என்ற ரத்தச் சோதனை எகிறிக் கிடந்தது. சலைன் ஏற்றிக் காப்பாற்றினார்கள், சரளமாக நடக்க மாதங்கள் ஆயின.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். "அவரு படிச்சவரு. அவராண்ட போய், நீ குடுத்த மருந்து ஒத்துக்கல சார்னு எப்டிடா சொல்றது?" என்றார். எனக்கு இதுதான் ஆறவே இல்லை. நம் பக்கத்து ஆட்கள் யாரிடமும் வாய்க்கு வாய் பேசுவோம், வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எங்கே போகிறது அந்த வாய்? நீங்கள் மறைத்தால் டாக்டர் கையில் இருக்கும் கணக்கே தப்பு. அந்தத் தப்புக் கணக்கை வைத்துத்தான் அடுத்த சீட்டு எழுதுவார். 'வயசானா வலிக்கத்தான் செய்யும்' என்று வாயை அடைக்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அப்படிப்பட்டவர் என்றால் டாக்டரை மாற்றுங்கள், மாத்திரையைத் தூக்கிப்போடாதீர்கள்.

இன்னொன்று, கோபிக்கக் கூடாது. லண்டனில் பக்கவிளைவால் ஸ்டாடினை விட்ட 60 பேரிடம் ஓர் ஆய்வு செய்து 2020இல் வெளியிட்டார்கள். சில மாதம் ஸ்டாடின், சில மாதம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை. ஸ்டாடின் மாதங்களில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெறும் மாத்திரை மாதங்களிலும் வந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை, அது நிஜமாகவே வலித்தது. உங்களுடையது எந்த வகை என்று எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது. சி.கே., தைராய்டு பார்த்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, குறைந்த அளவிலோ வேறு ஸ்டாடினிலோ திரும்பத் தொடங்கிப் பார்ப்பார்கள். ரோசுவாஸ்டாடினை ஒருநாள் விட்டு ஒருநாள் தருவதுண்டு, எசெடிமைப் என்ற வேறு வகை கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சேர்ப்பதுண்டு. வழி இருக்கிறது ஐயா, வாயைத் திறந்தால்.

கேட்க மறந்தேன், ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரெலையும் சேர்த்து நிறுத்திவிடவில்லையே? நிறுத்தியிருந்தால் இதை மேற்கொண்டு படிக்காமல் இப்போதே டாக்டருக்கு போன் போடுங்கள்.

பூண்டைக் குழம்பில் போட்டுச் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் 'சாப்பிடறேன் சார்' என்று ஆரம்பித்தால் அங்கேயே போட்டுக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.