ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவருக்கு டிப்ஸ் கொடுக்கணுமா? எவ்வளவு, எப்போது?

கட்டாயம் கிடையாது. ஆனாலும் கொடுங்கள். கவுன்டரில் கட்டுகிற தொகை அப்படியே துடுப்புப் போடுகிறவர் கைக்குப் போய்ச் சேருவதில்லை. அதோடு கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்து, மாநில எல்லையில் காவிரி நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் வரத்து ஏறியதும் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடும். ஆடி மாதம் ஊரே கூட்டமாக இருக்கும். ஆனால் தடை போட்டிருந்தால் அவர்களுக்கு அன்றைக்கு ஒரு பைசா வராது. அதனால் தருமபுரியில் பஸ் ஏறுவதற்கு முன்பே அன்றைய நீர்வரத்து எத்தனை ஆயிரம் கன அடி, பரிசல் ஓடுகிறதா என்று செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொகை என்று கேட்டால், ஒரு பரிசலுக்கு 100 முதல் 200 ரூபாய் மரியாதையான அளவு என்பேன். தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட வேண்டாம். கோடையில் தண்ணீர் இறங்கிக் கிடக்கும்போது நீங்கள் பாறை மேல் நடந்து வருவீர்கள். அவர் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு அடுத்த மடுவரை வருவார். அன்றைக்கு 300 கொடுத்தாலும் தகும். கரை இறங்கிய பிறகு, ஓட்டியவர் கையிலேயே கொடுங்கள். துறையில் ஆள் பிடித்துவிடுபவரிடம் கொடுத்தால் போய்ச் சேருமா என்பது சந்தேகம்தான். நனையாத கவரில் சில்லறை நோட்டாக வைத்திருங்கள்.

டிப்ஸ் வேறு, கூடுதல் கட்டணம் வேறு. "இன்னும் கொஞ்ச தூரம் போலாம், தனியா பாத்துக் குடுங்க" என்ற பேச்சு நடு ஆற்றில் வந்தால் சங்கடம். ஏறுவதற்கு முன்பே, "அண்ணா, டிக்கெட்டுக்கு எதுவரைக்கும் போவீங்க, எவ்வளவு நேரம்?" என்று கேட்டு முடித்துவிடுங்கள். டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மிரட்டிக் கேட்டால் அதைக் காட்டி அந்தக் கவுன்டரிலேயே சொல்லலாம்.

இதைவிட முக்கியம் பரிசலுக்குள் நாம் நடந்துகொள்ளும் விதம். பரிசல் சுமார் 7 அடி அகலமுள்ள வட்டக் கூடை. மூங்கில் பிளாச்சுப் பின்னல், அடியில் பிளாஸ்டிக் சாக்கோ தார்ப்பாயோ, அதன் மேல் தார்ப்பூச்சு. குதிகால் செருப்பின் முனை இரண்டு பிளாச்சுக்கு நடுவே இறங்கினால் அந்த உறை கிழியும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, விளிம்பை மிதிக்காமல் நேராக நடுவில் கால் வையுங்கள். எந்தப் பக்கம் யார் என்று அவர்தான் சொல்வார். எடை கூடியவரை எதிரே மாற்றி உட்கார வைத்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. ஒரே துடுப்பால் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து இழுத்துத்தான் நேராகக் கொண்டுபோகிறார். செல்ஃபிக்காக நாலு பேரும் ஒரே பக்கம் சாய்ந்தால் விளிம்பு தண்ணீரைத் தொடும். அவர் துடுப்பை விட்டுவிட்டு எடையைச் சமாளிக்க வேண்டிவரும். பாறை இடுக்கில் நீர் இழுக்கிற இடத்தில் அந்த இரண்டு நொடி போதும், பரிசல் கைமீறிப் போக.

லைஃப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கிகளையும் மாட்டுங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். தாடைக்கு மேல் ஏறினால் வாரை இறுக்க வேண்டும். குழந்தைக்குப் பெரியவர்கள் அளவைப் போட்டால் ஆற்றில் கழன்றுவிடும். வியர்வை நாற்றம் என்று மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பரிசலைச் சுழற்றச் சொல்லலாம், ஆழமும் இழுப்பும் இல்லாத இடத்தில் அவர்களே செய்வார்கள். தலைசுற்றல் உள்ளவர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பணம் நீட்டி, "இன்னொருத்தரையும் ஏத்திக்கோங்க", "அருவிக்குப் பக்கத்துல விடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். பிடிபட்டால் உரிமம் போவது அவருக்கு.

மீன் வறுவலுக்கும் எண்ணெய் மசாஜுக்கும் டிப்ஸ் பற்றி யோசிக்க வேண்டாம், விலையை முதலிலேயே பேசிக்கொண்டால் போதும்.