சோல் இசையில் (கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சிமிக்க பாட்டு வகை) உரிய கவனம் கிடைக்காமல் போன பாடகர்-பாடலாசிரியர் யார்? அவரை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

டெரி காலியர். 1945-இல் சிகாகோவில் பிறந்தார், 2012-இல் அதே ஊரில் இறந்தார். அந்த ஊரின் காப்ரினி-கிரீன் குடியிருப்புப் பகுதியில் வளர்ந்தவர். சோல் பாடகர்களான கர்டிஸ் மேஃபீல்டும் ஜெரி பட்லரும் சிறுவயதுக் கூட்டாளிகள். அந்த இருவரைத் தெரியாத சோல் ரசிகர் கிடையாது. இவர் பெயரைச் சொன்னால்தான் ‘யாரு?’ என்பார்கள்.

கடைக்காரருக்கு இவரை எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியவில்லை. கையில் கிட்டாரைப் பார்த்தால் ஃபோக், அதாவது நாட்டுப்பாடல் வகை. பாட்டு விரியும் விதம் ஜாஸ். குரலோ அசல் சோல்.

முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்காதீர்கள், பாதியில் விட்டுவிட வாய்ப்பு அதிகம். 1972-இல் வந்த ‘அக்கேஷனல் ரெய்ன்’ ஆல்பத்தின் ‘ஆர்டினரி ஜோ’வில் தொடங்குங்கள். துள்ளலான பாட்டு, சொற்களை விட்டுவிட்டு வெறும் அசைகளால் பாடும் இடமும் உண்டு, ஒரே தடவையில் ஒட்டிக்கொள்ளும். தேடும்போது ஒரு சிக்கல் வரும்: ஜப்பானிய இசையமைப்பாளர் நுஜாபெஸின் 2005 ஆல்பத்திலும் காலியரே பாடிய இன்னொரு ‘ஆர்டினரி ஜோ’ இருக்கிறது. லோ-ஃபை (மென்மையான பின்னணித் தாள இசை) கேட்கிறவர்களுக்கு அதுதான் முதலில் வந்து நிற்கும். அதுவும் நல்ல பாட்டுதான், ஆனால் முதலில் 1972 பதிவு.

அந்த ஆல்பம் பிறந்த வழி இது. பட்லர் சிகாகோவில் பாடலாசிரியர்களுக்காக ஒரு பட்டறை நடத்தினார். அங்கே காலியரும் லாரி வேடும் சேர்ந்து எழுதிய பாட்டை 1971-இல் தி டெல்ஸ் குழு பாடியது. அது அமெரிக்காவின் ஆர் அண்ட் பி (கறுப்பின இசை) விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் போனது. அதன் பலனாகத்தான் கேடட் இசைத்தட்டு நிறுவனம் காலியருடன் ஒப்பந்தம் போட்டது. இசைக்கோர்ப்பு சார்ல்ஸ் ஸ்டெப்னி. பாட்டின் மேல் வயலின்களைக் கொட்டி மூடுகிற ஆள் இல்லை அவர். கிட்டாரும் குரலும் தனியாக நடக்க இடம் விட்டு, தேவைப்படும் நொடியில் மட்டும் மொத்த வாத்தியக் கூட்டத்தையும் உள்ளே விடுவார்.

இதை முழுசாக உணர அடுத்த ஆல்பமான ‘வாட் கலர் இஸ் லவ்’ வேண்டும். ஏழே பாட்டுகள். முதல் பாட்டு ‘டான்சிங் கேர்ல்’ ஏறத்தாழ ஒன்பது நிமிடம். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: முதல் நிமிடத்தில் பல்லவி போல எதுவும் வராது, தாளமும் பிடிபடாது, அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார்கள். மூன்று நான்கு நிமிடம் பொறுங்கள். தனிக் கிட்டாரில் ஆரம்பித்தது படிப்படியாக ஏறி வேறொரு பாட்டாகவே ஆகிவிடும். போன் ஸ்பீக்கரில் கேட்டால் இந்த ஏற்றம் தெரியவே தெரியாது, ஏனென்றால் அடியில் தாங்குகிற பேஸ் (தாழ்ந்த ஒலி) அதில் காணாமல் போகும். ஹெட்ஃபோன் கட்டாயம். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் அதே தட்டின் ‘யூ கோயின் மிஸ் யுவர் கேண்டிமேன்’ கேட்கலாம், அதில் தாளம் கொஞ்ச நேரத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவும் பழகிய பிறகு 1964-க்குப் போங்கள். அதற்கு முன்பே, பதினேழு வயதில், செஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்கு ஒரு பாட்டு பதிவுசெய்திருந்தார். பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகப் பாடப் போகக் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டார். பிறகு ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனை நேரில் கேட்டதும் ஆட்டம் கண்டார். கோல்ட்ரேன் இரண்டு டபுள் பேஸ் (ஆளுயர, தாழ்ந்த ஒலி தரும் தந்தி வாத்தியம்) வைத்து வாசித்ததைப் பார்த்து, பிரெஸ்டீஜ் நிறுவனத்துக்காக 1964-இல் பதிவான தன் முதல் ஆல்பத்திலும் இரண்டு டபுள் பேஸ் வைத்தார். கூட ஒரு கிட்டார், டிரம்ஸே இல்லை. பெரும்பாலும் பழைய நாட்டுப்பாடல்கள். தயாரிப்பாளர் ஒலிநாடாவோடு மெக்சிகோ போய்விட்டார். தட்டு வெளிவந்தது 1968-இல். அதற்குள் ஃபோக் உலகம் மின் கிட்டாருக்கு மாறிப் பழகியிருந்தது.

எலெக்ட்ரா நிறுவனத்துக்காக 1978, 1979-இல் செய்த இரண்டு ஆல்பங்களும் அவசரமில்லை. குரல் அதேதான், ஆனால் மெருகு கூடிப்போய் அந்தக் காலத்து மற்ற தட்டுகளைப் போலவே ஒலிக்கும். அவற்றை முதலில் கேட்டவர்கள் ‘இதில் என்ன விசேஷம்?’ என்று கேட்டால் குறை சொல்ல முடியாது.

1983-இல் மகளை வளர்க்கும் பொறுப்பு கைக்கு வந்ததும் பாட்டை விட்டார். கணினி நிரலெழுதக் கற்று, சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1990-களின் தொடக்கத்தில் லண்டனின் ஆசிட் ஜாஸ் நிறுவனம் அவருடைய பழைய சிங்கிள் (தனிப்பாட்டுத் தட்டு) ஒன்றை மறுபடி வெளியிட்டது. அதன்பின் விடுமுறை எடுத்துக்கொண்டு இங்கிலாந்தில் பாடிவிட்டுத் திரும்புவார். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. 1998-இல் ‘டைம்பீஸ்’ ஆல்பத்துக்கு ஐ.நா. விருது கிடைத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது, வேலையும் போனது.

பிற்காலப் பதிவுகளில் ஒன்றே ஒன்று போதுமென்றால், 2006-இல் மாசிவ் அட்டாக் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவுக்குப் பாடிய ‘லிவ் வித் மீ’. அதற்கு முன் முதல் ஆல்பத்தின் ‘900 மைல்ஸ்’ ஒரு தடவை போட்டுவிட்டு, இடைவெளி விடாமல் இதைப் போடுங்கள். பத்தொன்பது வயதுக் குரலும் அறுபது வயதுக் குரலும் அடுத்தடுத்து வரும்.