தேர்தல் மேடையில் சட்டம் ஒழுங்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

“குற்றம் குறைந்தது” என்கிறது ஆளுங்கட்சி, “பெருகிவிட்டது” என்கிறது எதிர்க்கட்சி. இரண்டும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தைத்தான் காட்டுகின்றன. எதை நம்புவது?

இரண்டுக்குமே அந்த அறிக்கையில் இடம் உண்டு. முதலில், சொல்வது எண்ணிக்கையா விகிதமா என்று பாருங்கள். ஏழரைக் கோடிப் பேர் உள்ள மாநிலத்தில் 1,500 கொலை என்றால் லட்சத்துக்கு 2. மூன்றரைக் கோடிப் பேர் உள்ள மாநிலத்தில் 1,050 என்றால் லட்சத்துக்கு 3. தலைப்புச் செய்தியில் வருவதோ 1,500தான்.

அடுத்து, காப்பகம் எண்ணுவது எஃப்.ஐ.ஆர்.களை, அதாவது காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கைகளை. வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு புகார் கொடுத்தவரை அனுப்பிவிட்டால் அந்தக் குற்றம் கணக்கில் ஏறாது. தயங்காமல் வழக்குப் பதியும் மாநிலம் தாளில் மோசமாகத் தெரிவது இதனால்தான். ஒரே எஃப்.ஐ.ஆரில் கொள்ளையும் கொலையும் இருந்தால் கொலை மட்டுமே எண்ணப்படும்.

ஒப்பிடும் ஆண்டையும் கவனியுங்கள். 2020இல் ஊரடங்கை மீறியதாகப் பதிவான, இந்திய தண்டனைச் சட்டம் 188ஆம் பிரிவு (அரசு உத்தரவை மீறுதல்) வழக்குகள் மொத்தக் கணக்கை ஊதிப் பெருக்கின. அந்த ஆண்டோடு ஒப்பிட்டு “குறைத்தோம்” என்றால் ஏற்காதீர்கள். மொத்தத்தைவிடக் கொலை விகிதமே நம்பகமானது. கொலையை ரசீதோடு முடித்து அனுப்புவது கடினம்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் படத்தைத் துண்டறிக்கையில் போடுகிறார்கள். தடுக்க முடியுமா?

முடியும், தடுத்தே ஆக வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. அந்தப் பெண் இறந்துவிட்டாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடாது. பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் போக்சோ 23ஆம் பிரிவும் சேரும். துண்டறிக்கையின் அடியில் அச்சகத்தார், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி தனிக் குற்றம். காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். தேர்தல் விதிமீறல்களைப் புகார் செய்வதற்கான தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியிலும் அனுப்பலாம், ஆனால் படத்தைச் செயலிக்குள்ளேயே எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் அதில் ஏறாது; பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். அந்தப் படத்தை வேறு யாருக்கும் பகிராதீர்கள்.

ரவுடிகளை ஒழிப்பதாகப் பேசும் வேட்பாளர் மீதே வழக்குகள் உள்ளன. எங்கே பார்ப்பது?

வேட்புமனுவோடு அவர் தாக்கல் செய்யும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில்; அது தேர்தல் ஆணையத் தளத்தில் இருக்கும். நிலுவை வழக்குகளை அவர் நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரப்படுத்த வேண்டும். அவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சியும் காரணம் சொல்லியாக வேண்டும். “ஜெயிப்பார்” என்பது மட்டும் காரணமாகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிரசார காலத்தில் நடக்கும் வன்முறைக்கு யார் பொறுப்பு?

தேர்தல் பணிக்கு ஒதுக்கப்பட்ட காவலர்கள், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 28ஏ பிரிவின்படி, தேர்தல் அறிவிக்கை வெளியாவது முதல் முடிவு அறிவிக்கும் வரை தேர்தல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பார்கள். எனவே அந்த நாட்களில் முதல்வரை மட்டும் கேட்கும் தொலைக்காட்சி விவாதம் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறது. ஆணையத்திடமும் கேளுங்கள்.