கேள்வி பதில்: பிரெஞ்சு ரொமான்ஸ் பிறந்த கதை

கேள்வி: ரொமான்ஸ் என்றால் காதல் கதைதானே ஐயா?

இன்றைக்கு அப்படி. 12ஆம் நூற்றாண்டு பிரான்சில் அது ஒரு மொழியின் பெயர். லத்தீன் அல்லாத, ஊர் பேசிய மொழி. லத்தீன் நூலை அந்த மொழியில் சொல்வதை ‘ரொமான்ஸில் ஆக்குவது’ என்றார்கள். போகப் போக, மொழியின் பெயர் நூலுக்கே ஒட்டிக்கொண்டது.

கேள்வி: அப்படியானால் முதலில் வந்தவை மொழிபெயர்ப்புகளா?

தழுவல்கள். 1150ஐ ஒட்டிப் பழைய கிரேக்கத்தின் தீப்ஸ் நகரக் கதை, பிறகு டிராயிலிருந்து தப்பி இத்தாலி வந்த வீரன் ஈனியாஸின் கதை, 1165 வாக்கில் கவிஞர் பெனுவா பாடிய டிராய் போர்க் கதை. கடைசியது மட்டும் சுமார் 30,000 அடி! ஆனால் என் மனம் ஈனியாஸிடம்தான் நிற்கும். ரோமானியக் கவி வெர்ஜிலின் லத்தீன் காப்பியத்தில், ஈனியாஸ் மணக்கவிருக்கும் லவீனியா வாயே திறப்பதில்லை, முகம் சிவப்பதோடு சரி. பிரெஞ்சுக் கவிஞர் அவளைத் தூக்கமில்லாமல் புரளவைத்து, தன் காதலைப் பற்றித் தானே பக்கம் பக்கமாக வாதாட வைக்கிறார். ரொமான்ஸ் உண்மையில் பிறந்த இடம் அதுதான் என்பேன்.

கேள்வி: ரோலான் பாட்டும் இதில் சேருமா?

சேராது. 1100 வாக்கில் உருவான அது, சார்லமேன் பேரரசரின் வீரன் ரோலானைப் பற்றிய போர்ப்பாட்டு. ரோலானுக்கு நிச்சயித்த பெண் ஓட், அவன் இறந்த செய்தி கேட்டு உயிர்விடத்தான் நேரில் வருகிறாள்.

கேள்வி: பிரிட்டன் ராஜா ஆர்தர் எப்படிப் பிரெஞ்சுக்கு வந்தார் சார்?

1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் கைப்பற்றிய பிறகு இங்கிலாந்து அரசவை பேசியதே பிரெஞ்சுதானே! 1130களில் மான்மவுத் ஜெஃப்ரி லத்தீனில் எழுதிய பிரிட்டன் மன்னர் வரலாற்றை, ஜெர்சி தீவில் பிறந்த வாஸ் 1155இல் பிரெஞ்சுச் செய்யுளாக்கினார். வட்டமேசை முதன்முதலில் வருவது அவரிடம்தான்.

அதன்பின் வந்தவர் கவிஞர் கிரெத்தியான் த த்ருவா. ஷாம்பேன் சீமாட்டி மரி கேட்டுக்கொண்டதால் ஆர்தரின் வீரன் லான்சலாட்டின் கதையை எடுத்தார். ஆர்தரின் அரசி கடத்தப்படுகிறாள்; அவளைத் தேடிப் போகும் லான்சலாட்டிடம், குற்றவாளிகளை ஏற்றும் வண்டியில் ஏறினால் அவளைப் பற்றித் தெரியும் என்கிறான் ஒரு குள்ளன். ஏறினால் மானம் போகும். இரண்டே அடி எடுத்துவைக்கும் நேரம் தயங்கிவிட்டு ஏறுகிறான். எத்தனையோ ஆபத்துகளைத் தாண்டி வந்தவனை அரசி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காரணம், அந்த இரண்டு அடி! வாள்வீச்சை அளந்த இலக்கியம் மனத் தயக்கத்தை அளக்கத் தொடங்கிவிட்டது.

கேள்வி: ஆர்தரின் வீரர்கள் தேடிப் போகும் புனிதக் கிண்ணம்?

கிரெத்தியான் எழுதிய, பெர்சிவல் என்ற இளம் வீரனின் கதையில் அது ‘ஒரு கிரால்’, அதாவது அகன்ற தட்டு. அதில் யாருக்கு உணவு போகிறது என்று கேட்க வேண்டிய பெர்சிவல் வாய் மூடி இருந்துவிடுகிறான். கதையும் பாதியில் நிற்கிறது. அதை இயேசுவின் கடைசி விருந்துப் பாத்திரமாக்கியவர், பின்னால் வந்த கவிஞர் ரொபேர் த பொரோன்.